நாயின் கழுத்தும் நம் கையும்

'நான் வளர்க்கும் செல்லப் பிராணி' என்னும் தலைப்பைக் கட்டுரைக்குக் கொடுக்காத தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இந்நாட்டில் இருக்க மாட்டார். நானும் கொடுத்திருக்கிறேன், ஆண்டு தவறாமல் கொடுத்திருக்கிறேன். முப்பது மாணாக்கர் எழுதினால் முப்பது ஏடுகளிலும் ஒரே நாய்தான் வாலாட்டும். அது நன்றியுள்ளது; நான்கு கால்களை உடையது; சோறும் இறைச்சியும் உண்பது; இரவில் குரைத்து வீட்டைக் காப்பது. அந்த நாய்க்குக் கழுத்து என்று ஒன்று உண்டென எந்த மாணவனும் எழுதியதில்லை. எழுதுமாறு நாமும் சொன்னதில்லை.

2019ஆம் ஆண்டில் ஒரு மாணவி எழுதினாள். ஐந்தாம் ஆண்டின் மொழி ஆசிரியை பேறுகால விடுப்பில் இருந்தமையால், அத்தேர்வின் கட்டுரைத் தாள்களைத் தலைமையாசிரியனாகிய நானே திருத்த நேர்ந்தது. வழக்கமான நான்கு வரிகளுக்குப் பின், தன் நாயின் கழுத்தில் வாடை வீசுகிறது என்றும், ஈக்கள் மொய்க்கின்றன என்றும், தலையைக் குனிந்து சோறு உண்ண அது மறுக்கிறது என்றும், தம்பி அதன் அருகே போக அஞ்சுகிறான் என்றும் அவள் எழுதியிருந்தாள். அந்த வரிகளின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, 'தலைப்பை ஒட்டி எழுதுக' என்று ஓரத்தில் குறித்து, மூன்று மதிப்பெண்களைக் குறைத்தேன். கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தாள் திருத்திப் பழகிய கை அது. மனத்தைக் கேளாமலேயே கோடிடும்.

அன்றே எனக்கு உறைத்தது என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உறைக்கவில்லை. நான்கு நாள்கள் கழித்து, பள்ளி வாயிலில் அம்மாணவியைக் கண்டபோது, "உன் நாய் இப்பொழுது எப்படி இருக்கிறது?" என்று பேச்சுக்காகக் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் அழுதாள். அன்று மாலை பள்ளித் தோட்டக்காரரையும் உடன் அழைத்துக்கொண்டு அவர்களுடைய வீட்டிற்குச் சென்றேன்.

தந்தையார் லாரி ஓட்டுநர். தோட்டம் துண்டாடப்பட்டபின் தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பம். தோட்டத்து லயத்தில் ஈன்ற குட்டி ஒன்றைப் பிள்ளைகளின் ஆசைக்காகத் தூக்கி வந்திருக்கிறார்கள். அப்பொழுது அதற்கு இரண்டு மாதம். கடையில் காய்கறி கட்டித் தருவார்களே, அந்த ராஃபியாக் கயிற்றில் ஒரு முழத்தை எடுத்துக் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். எட்டு மாதம் கடந்துவிட்டது. நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. நான் பார்த்தபொழுது கயிறு கண்ணுக்கே தெரியவில்லை. தோல் அதன்மேல் வளர்ந்து மூடியிருந்தது. காதின் கீழே சிவப்பு நிறத்தில் ஒரு முனை மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. மற்ற இடமெல்லாம் சீழும் புழுவும்.

கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, அறுத்து, அந்தக் கயிற்றை இழை இழையாக எடுத்தார். வெளியே நின்றிருந்த தந்தையார் என்னிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "நான் ஒரு நாள்கூட அதை அடிச்சதில்லீங்க சார். மூணு வேளையும் சோறு போட்டேன்."

அவர் சொன்னது மெய். அவர் கொடியவர் அல்லர். கொடியவரைக் கண்டித்து எழுதுவது எளிது. அவ்வாறு எழுதப்பட்டவை ஏராளம். நான் எழுத வந்தது சோறு போடுகிறவர்களைப் பற்றி. அவர்களுக்கு ஒன்றும் கற்பிக்காத நம்மைப் பற்றி.

இக்கட்டுரையை இத்தொகுப்புக்கு அனுப்பப் போவதாகச் சொன்னபொழுது, நண்பர் ஒருவர் நகைத்தார். "மொழிக்கும் பள்ளிக்கும் எத்தனையோ சிக்கல்கள் இருக்க, நாய்க்கழுத்துப் பட்டையைப் பற்றியா தமிழில் எழுத வேண்டும்?" என்றார். தமிழில்தான் எழுத வேண்டும். அந்த லாரி ஓட்டுநர் ஆங்கிலக் கையேட்டைப் படிக்கப் போவதில்லை. நாய் உணவுப் பையில் அச்சிட்டிருப்பதும் அவருக்கு எட்டாது. தமிழ் மட்டும் அறிந்த ஒரு வீட்டில் வளரும் நாய்க்குத் தமிழில் அறிவு கிடைக்கவில்லையென்றால் வேறு எம்மொழியில் கிடைக்கும்?

நம் இலக்கியத்திற்கு நாய் அயலான விலங்குமன்று. நாலடியாரில் நட்பைப் பற்றிய ஒரு செய்யுள் யானையையும் நாயையும் ஒப்பிடுகிறது. பழகியறிந்த பாகனையே யானை கொல்லும்; நாயோ, எறிந்த வேல் உடலில் நிற்கும்பொழுதும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது அதன் கருத்து. அச்செய்யுளுக்கு வகுப்பறையில் பொருள் கூறும்போதெல்லாம் நாயின் அன்பை வியந்து நிற்கிறோம். வேலை எறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்று ஒரு மாணவனாவது கேட்டதுண்டா? ஆசிரியராவது கேட்கத் தூண்டியதுண்டா? நாயின் இந்தக் குணமே அதற்குக் கேடாக முடிகிறது. வலியிருந்தும் அது வாலாட்டுகிறது. வாலாட்டுகிறதே, வலியிருக்காது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். எட்டு மாதமும் அந்தக் குட்டி வாலாட்டிக்கொண்டுதான் இருந்தது.

பட்டை கட்டுதற்கு உரிய அளவைச் சொல்ல ஒரு வரி போதும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம், அதற்கு மேலும் இடமிருந்தால், பின்னோக்கி இழுக்கும் நாய் தலையை உருவிக்கொண்டு சாலைக்கு ஓடிவிடும். வளரும் குட்டிக்கு இந்த இரு விரல் சோதனையை வாரம் ஒரு முறையேனும் செய்ய வேண்டும். பெரும்பாலான நாய்கள் ஏறத்தாழ ஓர் ஆண்டு வரை வளர்கின்றன. பேரினங்கள் அதற்கு மேலும் வளரும். ஆதலால் ஒரு குட்டிக்கு ஒரே பட்டை போதுமென எண்ணுவது, முதலாம் ஆண்டில் வாங்கிய காலணியை ஆறாம் ஆண்டு வரை அணியச் சொல்வதற்கு ஒப்பாகும். காலணி கடித்தால் பிள்ளை வாய்திறந்து சொல்லும்.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த தோற்பட்டை எளிதில் உலராது, பூஞ்சை பிடிக்கும், அதனடியில் மயிர் உதிர்ந்து புண் உண்டாகும். இரும்புச் சங்கிலி துருவேறும். பட்டையின் அடியும் காதின் உட்புறமும் உண்ணிகள் விரும்பிக் குடியேறும் இடங்கள். உண்ணிகளோ காய்ச்சலைப் பரப்புகின்றன. அகலமான, மென்மையான நைலான் பட்டையை வாங்கி, வாரந்தோறும் கழற்றித் துவைத்து, கழற்றிய வேளையில் கழுத்தைத் தடவிப் பார்ப்பதே தகும். தடவிப் பார்ப்பதுதான் இதில் பாதிக்கு மேல். அந்த வீட்டில் எவரேனும் ஒரு முறை மயிரை விலக்கிப் பார்த்திருந்தால் மருத்துவரின் கத்திக்கு வேலை இருந்திராது.

ஏழைகளிடம் போய்ப் பட்டை வாங்கு, வார் வாங்கு என்பதா என்று சிலர் வினவலாம். நியாயமான வினா. எளிய நைலான் பட்டை ஒன்று, இருவர் கடையில் அமர்ந்து பசியாறும் செலவிலேயே கிடைக்கும். ராஃபியாக் கயிறு இலவசமாகக் கிடைத்தது. அதை எடுப்பதற்கான செலவை ஈடுகட்ட எங்கள் ஆசிரியர்கள் பணம் திரட்டினார்கள். வாங்கவே இயலாதென்றால், பழைய பருத்தித் துணியை அகலமாக மடித்துத் தைத்து, விரல் அளவு பார்த்துக் கட்டட்டும். தையற்கடைக்குப் போனால் மறுப்பவர் இல்லை.

ஏழைகளைவிட எனக்கு மனத்தாங்கல் வேறு சிலரிடம் உண்டு. மாலை வேளையில் எங்கள் தாமானில் ஓர் அன்பர் தம் ராட்வைலர் நாயை உலவ அழைத்து வருவார். அதன் கழுத்தில் கிடப்பது பழுதான லாரியை இழுத்துச் செல்லப் போதுமான சங்கிலி. அதற்கு மேல் இரும்புக் கூர்கள் பதித்த பட்டை. அந்தக் கனத்தால் நாய்க்கு என்ன நன்மை? ஒன்றும் இல்லை. அது நாய்க்கு அணிவித்ததன்று. தமக்குத் தாமே அணிந்துகொண்டது. இத்தகையோரைப் பற்றி இதற்கு மேல் எழுதித் தாளை வீணாக்க விரும்பவில்லை.

நான் வாதிட விரும்புவது கற்றவர்களோடு. 'சுருக்குச் சங்கிலி இல்லாமல் நாயைப் பழக்க முடியாது' என்று உறுதியாக நம்பும் கற்றவர்கள் பலர். அவர்களுள் ஆசிரியர்களும் உளர். சங்கிலியின் ஒரு முனை வளையத்தின் ஊடே மறு முனை ஓடும்; நாய் இழுத்தால் கழுத்து நெரியும்; நெரிந்தால் அடங்கும் என்பது அவர்கள் கண்ட தத்துவம். அச்சங்கிலியை மாட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. இடப்புறம் நடக்கும் நாய்க்கு முன்னின்று மாட்டும்போது, ஆங்கில எழுத்தாகிய 'பி' வடிவில் அது அமைய வேண்டும். தலைகீழாக மாட்டினால், பிடியைத் தளர்த்திய பிறகும் சுருக்கு இளகாது. எத்தனை பேர் அறிந்து மாட்டுகிறார்கள்? மாட்டியதோடு கழற்றாமல் விட்டுவிடுவோரும் உளர். வேலிக் கம்பியிலோ வாயிற்கதவிலோ வளையம் சிக்கினால், விடுபட முயலும் ஒவ்வோர் இழுப்பும் அந்த நாய்க்குத் தூக்குக் கயிறாகிவிடும்.

நாயின் கழுத்து உருக்கால் ஆனதன்று. நம் கழுத்தில் இருப்பவை அதன் கழுத்திலும் உள்ளன: மூச்சுக்குழல், குரல்வளை, தைராய்டுச் சுரப்பி, மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள், முதுகெலும்பின் மேற்பகுதி. பட்டையோடு இழுக்கும் நாயின் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறது, மார்பில் அணியும் வாரோடு இழுக்கும்போது அவ்வாறு உயர்வதில்லை என்பதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2020இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயின் கழுத்தைப் போன்ற மாதிரி ஒன்றைச் செய்து, பல வகைப் பட்டைகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். சோதித்தவற்றுள் ஒன்றுகூட, இழுக்கும் நாயின் கழுத்துக்குத் தீங்கில்லாததென்று சொல்லத்தக்கதாக இல்லை. அகலமும் மென்மையும் உடைய பட்டைக்கும் இதுவே நிலை. அங்ஙனமாயின் சுருக்குச் சங்கிலியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது! மின்னதிர்ச்சி தரும் பட்டையை வேல்ஸ் நாடு 2010ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது.

இவற்றையெல்லாம் அயல்நாட்டார் ஆய்வென்று தள்ளுவோர் உண்டெனில், நம் சொந்தப் பாடத்திற்கே வருவோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்த நாம் அனைவரும் பாவ்லோவின் நாயைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக விடை எழுதியவர்கள். மணியோசையும் உணவும் சேர்ந்து சேர்ந்து வந்தால், பின்னர் மணியோசை மட்டும் கேட்டாலும் நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று எழுதி மதிப்பெண் பெற்றோம். அந்த விதி எச்சிலுக்கு மட்டும் உரியதா? எதிரே ஒரு சிறுவன் மிதிவண்டியில் வருகிறான். நாய் ஆவலோடு முன்னே தாவுகிறது. நாம் சங்கிலியைச் சுண்டி இழுக்கிறோம், கழுத்து நெரிகிறது. மறுநாளும் சிறுவன், மறுநாளும் வலி. பத்து நாளில் அந்நாய் கற்பது யாது? 'தாவக் கூடாது' என்பதையா? இல்லை. 'சிறுவன் வந்தால் வலி வரும்' என்பதைக் கற்கிறது. பதினோராம் நாள் அது சிறுவனைப் பார்த்து உறுமுகிறது. நாய் கெட்டுப்போயிற்று என்கிறோம். இன்னும் கனத்த சங்கிலி தேடுகிறோம். பாவ்லோவின் நாயைப் பற்றி இத்தனை எழுதிய நமக்கு, வாயிலில் கட்டிக் கிடக்கும் நாயைப் பற்றி அதே பாடம் நினைவுக்கு வராமல் போனது ஏன்?

காரணத்தை நானறிவேன். 1990களின் தொடக்கத்தில் நான் பணியேற்றபொழுது என் மேசைமேல் பிரம்பு இருந்தது. தண்டனை ஒரு செயலை அந்த நேரத்திற்கு அடக்கும். வேறு செயலைக் கற்பிக்காது என்று பயிற்சிக் கல்லூரியில் ஸ்கின்னரை மேற்கோள் காட்டி எழுதிய அதே கைதான் பிரம்பையும் ஓங்கியது. பெருக்கல் வாய்பாட்டில் பிழை செய்த மாணவன் அடிக்குப்பின் வாய்பாட்டைக் கற்றானா, என்னைக் கண்டால் ஒதுங்கக் கற்றானா? இன்றும் எங்கேனும் கடைத்தெருவில் என்னைக் கண்டதும் மறுபுறம் கடந்து செல்லும் நாற்பது வயது ஆடவர் ஒருவர் உண்டு. சுருக்குச் சங்கிலிக்காக வாதிடும் ஆசிரிய நண்பர்களின் குரலில் என் பழைய குரலையே கேட்கிறேன். ஆகவேதான் சற்றுக் கடுமையாக எழுதுகிறேன். பொறுத்தருள்வார்களாக.

அவ்வாறாயின் இழுக்கும் நாயை எப்படித்தான் பிடிப்பது? விடையை நம் பாட்டன்மார் நாயிடமன்று, மாட்டிடம் கண்டிருந்தார்கள். மாட்டுவண்டியின் நுகத்தடி எங்கே அமர்கிறது? திமிலுக்கு முன்னே, கழுத்தின் மேற்புறத்தில். பாரத்தைத் தாங்குவது திமிலும் தோளும், தொண்டையன்று. கழுத்துக் கயிறு தொழுவத்தில் கட்டுவதற்கு. மூக்கணாங்கயிறு திசை காட்டுவதற்கு. இழுவைக்கு ஓரிடம், கட்டுதலுக்கு ஓரிடம், திசைக்கு ஓரிடம் என்று பிரித்துவைத்த உழவனின் அறிவு வியக்கத்தக்கது. நாம் நாயின் விஷயத்தில் மூன்றையும் தொண்டையின்மேல் சுமத்திவிட்டோம்.

நாய்க்கும் அப்படியே பிரிக்கலாம். கழுத்துப்பட்டை உரிமச் சின்னத்தையும் உரியவரின் தொலைபேசி எண்ணையும் சுமக்கட்டும். உலவ அழைத்துச் செல்லும் வார், மார்பைச் சுற்றி அணியும் மார்புவாரில் பூட்டப்படட்டும். மார்புவாரிலும் தெரிந்து வாங்க வேண்டியவை உண்டு. முதுகில் மட்டும் வளையமுள்ளதை அணிவித்தால், பலமாக இழுக்கும் நாய் இன்னும் வசதியாக இழுக்கும். பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் நாய்களுக்கு வாரணிவிப்பது அதற்காகத்தானே. மார்பின் முன்புறம் வளையமுள்ளதாயின், அது முன்னே பாயும்போது உடல் நம் பக்கம் திரும்பிவிடும். வலி இல்லை, வேகம் குறையும். தோள்மூட்டின் குறுக்கே கிடையாகச் செல்லும் வார் நடையைத் தடுக்கும். கழுத்தடியிலிருந்து மார்பெலும்பு வரை இறங்கி, முன்னங்கால்களுக்கிடையே செல்லும் வாரே நன்று. அக்குளில் உராய்ந்து புண்ணாகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக், ஷீ சூ போன்ற மூக்குச் சப்பிய இனங்கள் இயல்பாகவே மூச்சுக்குத் திணறுபவை. அவற்றின் கழுத்தில் வாரைப் பூட்டி இழுப்பது அறியாமையன்று, பிழை.

மார்புவார் மந்திரக்கோல் அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது தீங்கைக் குறைக்கும்; பழக்கத்தைக் கற்பிக்காது. வார் தளர்ந்திருக்கையில் நடப்பது, இறுகினால் நிற்பது, அருகே வந்தால் ஒரு துண்டு இறைச்சி கொடுப்பது என்று நாள்தோறும் பத்து நிமிடம் பொறுமையோடு செய்வதற்கு எந்தக் கடையிலும் மாற்றுப்பொருள் விற்பதில்லை.

வாய்ப்பூட்டைப் பற்றி ஒரு சொல். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து, நாவை நீட்டி, இளைத்தே அது தன் உடற்சூட்டைத் தணிக்கிறது. அங்காடியில் விலை மலிவாகக் கிடைப்பது வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டும் துணிப்பூட்டு. மருத்துவர் ஊசி போடும் சில மணித்துளிகளுக்கு அது பயன்படலாம். நம் நாட்டு நண்பகல் வெயிலில் அதனைக் கட்டி நடக்க வைப்பது, கொதிகலத்தின் ஆவிக்குழாயை அடைப்பதற்கு நிகர். நாய் வெப்பத்தாக்கால் மடியக் கூடும். கூடை வடிவிலான வாய்ப்பூட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதனுள் நாய் வாய் திறந்து இளைக்கலாம், நீரும் பருகலாம்.

லாரியின் திறந்த பின்தொட்டியில் நாயைக் கழுத்தால் கட்டி ஏற்றிச் செல்லும் வழக்கம் தோட்டப்புறத்தில் இன்னும் ஒழியவில்லை. வண்டி திரும்புகையில் நாய் வெளியே தாவினால், கயிறு நீளம் போதாமல் அது பக்கவாட்டில் தொங்கும். ஓட்டுநருக்குத் தெரியாது. விரிவாக எழுத மனம் வரவில்லை. உள்ளே ஏற்றி, மார்புவாரை இருக்கைப் பட்டியோடு பிணையுங்கள்.

சட்டத்தை அறியாதவர்களும் நம்மிடையே பலர். 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. விலங்கைத் துன்புறுத்திய குற்றத்திற்கு 20,000 ரிங்கிட்டுக்குக் குறையாமலும் 100,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமலும் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க அது இடமளிக்கிறது. லாரி ஓட்டுநர் ஒருவரின் குடும்பம் அபராதத்தின் கீழெல்லையைக்கூடத் தாங்குமா? ஊராட்சி மன்றங்களில் நாய்க்கு உரிமம் பெற வேண்டும். அதன் சின்னம் கழுத்துப்பட்டையில் தொங்க வேண்டும். சின்னமில்லாமல் தெருவில் திரியும் நாயைத் தெருநாயென்றே கருதிப் பிடித்துச் செல்வார்கள். வெறிநாய்க்கடி நோய் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டிய பிறகு, கட்டப்படாத நாயைக் கண்டு மக்கள் அஞ்சுவதில் வியப்பில்லை. சிங்கப்பூரிலோ நாய்க்கு உரிமத்தோடு தோலடியில் அடையாளச் சில்லும் கட்டாயம். நாயைத் தொட விரும்பாத அண்டை வீட்டாரோடு சேர்ந்து வாழும் நாடு இது. வார் பூட்டி அழைத்துச் செல்வது அவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை. பூட்டாமல் விட்டுவிட்டு, 'அது ஒன்றும் செய்யாது' என்று தொலைவிலிருந்து கூவுவது மரியாதையன்று.

இத்தனையும் அறிந்தபின், நாள் முழுதும் ஒரு முழச் சங்கிலியில் தூணோடு கட்டிப்போட்டு, 'நான் பாதுகாப்பாக வைத்திருக்கிறேன்' என்பாரும் உளர். நீண்ட கம்பி ஒன்றை முற்றத்தின் குறுக்கே கட்டி, அதில் வளையம் ஓடும்படி வாரைப் பூட்டினாலே அந்நாய் பத்தடி நடக்கும். நிழலுக்கும் நீருக்கும் சென்று வரும்.

பாடநூல் எழுதுவோரும் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளரும் இத்தொகுப்பைப் படிக்கக்கூடும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. 'நாய் நன்றியுள்ள பிராணி' என்னும் மாதிரிக் கட்டுரையை எடுத்துவிடுங்கள். அதற்கு மாறாக, வீட்டு நாயின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, இரண்டு விரல் நுழைகிறதா, பட்டையின் அடியில் என்ன இருக்கிறது, உரிமச் சின்னத்தில் எந்த ஆண்டு எழுதியிருக்கிறது என்று கண்டதை எழுதச் சொல்லுங்கள். நாய் இல்லாத பிள்ளை அண்டை வீட்டுப் பூனையைப் பார்த்து எழுதட்டும். பெற்றோர் துணையோடு செய்யச் சொல்லுங்கள். பழகாத நாயிடம் கை நீட்டலாகாது. எழுத்துப்பிழைகள் மிகும், வாக்கியம் முறியும் என்று சொல்வீர்கள். எங்கள் பள்ளியில் மூன்று முறை செய்து பார்த்தோம். முறிந்தன. ஆனால் முப்பது ஏடுகளிலும் முப்பது நாய்கள் இருந்தன. அவற்றுள் இரண்டின் கழுத்துப்பட்டை அவ்வாரமே மாற்றப்பட்டது.

அந்தக் குட்டி பிழைத்துக்கொண்டது. இப்பொழுது வளர்ந்து முதிர்ந்த நாய். கழுத்தைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்திற்கு மயிர் மீண்டும் முளைக்கவில்லை. நீல நிற மார்புவார் அணிந்து தந்தையாரோடு அது மாலையில் நடப்பதைச் சிலமுறை கண்டிருக்கிறேன். அம்மாணவியின் தாளைக் கேட்டு வாங்கி, நான் இட்ட கோட்டை அடித்து, குறைத்த மூன்று மதிப்பெண்களையும் திரும்ப எழுதிக் கையொப்பமிட்டேன். தேர்ச்சி அறிக்கையில் மட்டும் பழைய எண்ணே நின்றுவிட்டது. அதற்குள் தந்தையார் அதில் கையெழுத்திட்டுப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்.